முள் அடைத்தவளின் வம்சம்

அம்மாவின் மேசைமேல் எப்போதும் ஒரு காந்தம், ஒரு செல்லோடேப், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருக்கும். தையல் ஃபேக்டரியில் எந்த மெஷினில் ஊசி உடைந்தாலும், துண்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு அந்த மேசைக்குத்தான் வர வேண்டும். அம்மா துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். முழு ஊசி ஆகிவிட்டால் ரிஜிஸ்டரில் அன்றைய பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பாள். கடுகளவு துண்டு குறைந்தாலும் புது ஊசி கிடையாது. அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணி அத்தனையும் பெட்டிக்குள் போய்விடும். துண்டு கிடைக்கிற வரை அந்த லைனில் மெஷின் எல்லாம் நிற்கும்.

அங்கே தைப்பது கைக்குழந்தைகளுக்கான சட்டை. பேசத் தெரியாத பிள்ளை எங்கே குத்துகிறது என்று சொல்லாது. அதனால்தான் இந்த விதி.

இதே வேலையை அடுத்த ஷிஃப்டில் பார்ப்பவர் கால் மணி நேரம் தேடுவார். மேனேஜர் குரலை உயர்த்தினால் 'கிடைத்தது' என்று எழுதிவிடுவார். அம்மா அப்படியில்லை. ஒருமுறை ஊசி முனை ஒன்றுக்காக இரண்டரை மணி நேரம் லைனை நிறுத்தி வைத்தாள். நாற்பது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கடைசியில் முனை ஒரு தையல்காரியின் செருப்புக்கு அடியில் குத்தியிருந்தது. அடுத்த மாதம் வேறொரு ஃபேக்டரியில் செய்த சட்டையில் ஊசித்துண்டு இருந்து, ஆர்டர் மொத்தமும் போய், கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று சூப்பர்வைசர் தன் கையாலேயே அம்மாவுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஊசியம்மா என்று பெயர்.

அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த குணம்தான் வீட்டில் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

கேஸ், தண்ணீர்க் குழாய், இஸ்திரிப்பெட்டி, ஜன்னல், பின்கதவுத் தாழ்ப்பாள், விளக்கு, பூட்டு. இந்த ஏழையும் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அம்மா வேலைக்குக் கிளம்புவாள். தெருமுனை வரை போவாள். கால் நின்றுவிடும். திரும்பி வருவாள். மறுபடியும் ஏழு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரே காலையில் பதினொரு முறை திரும்பி வந்திருக்கிறாள். ஃபேக்டரி பஸ் ஆறே முக்காலுக்கு. அது யாருக்காகவும் நிற்காது. லேட் மார்க் மேல் லேட் மார்க்காக விழுந்து வேலையே போய்விடும் என்ற நிலை வந்தபோது, அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் ஆள் இருந்தால் பூட்ட வேண்டியதில்லை அல்லவா?

"ஒரு மாசம் மட்டும் லீவு போடுடீ. அதுக்குள்ள எனக்கு மனசு தேறிடும்" என்றாள்.

அந்த ஒரு மாதம் ஆறு வருஷமாகிவிட்டது. என் படிப்பை நிறுத்துவது என்று யாரும் முடிவு செய்யவில்லை. யாரும் அழவும் இல்லை. பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன, பிறகு கட்டிலுக்கடியில் இருந்தன, பிறகு இல்லை. நான் வீட்டிலேயே உட்கார்ந்து, ஃபேக்டரியிலிருந்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். பதினோரு மணிக்குக் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் புதுக் கட்டு வாங்கி வருவேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் வீடு பூட்டியிருக்கும்.

அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டிலிருப்பார், நான்கு நாளும் தூங்குவார். அம்மா அவருடைய காலைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பின்கதவைப் பார்த்துவிட்டு வருவாள். அவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார்.

பூட்டு கணக்கிலிருந்து போனாலும் மீதி ஆறு இருந்தன. அவை என் தலையில் விழுந்தன. அம்மா தெருமுனையிலிருந்து திரும்பி வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. அம்மா பஸ்ஸிலிருந்து ஃபோன் செய்வாள். "பாத்தியா?" "பாத்தேன்." "நெஜமா?" "நெஜமா." "வாசனை ஏதாவது வருதா பாரு." இப்படியே ஒரு வருஷம். பிறகு ஃபேக்டரியில் பாதி எழுதித் தூக்கிப்போட்ட ரிஜிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். காலை ஏழு மணிக்கு ஆறு கையெழுத்து, மாலை நான்கு மணிக்கு ஆறு கையெழுத்து. ஆறு மணிக்கு வீடு வந்ததும், முகம்கூடக் கழுவாமல், ஒவ்வொரு கையெழுத்தின் மீதும் விரலை ஓட்டிப் பார்ப்பாள். பன்னிரண்டாவது முடிந்ததும் ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சுக்காகத்தான் நானும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா மேசையிலேயே மயங்கி விழுந்தாள். சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று ஃபேக்டரி நர்ஸ் கேட்டதற்கு, "எந்த வருஷத்துலேருந்து கேக்கறீங்க?" என்றாளாம். நர்ஸ் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே டாக்டர் அம்மாவின் கதையைப் பாதியிலேயே புரிந்துகொண்டார். "இது பழக்கமில்லம்மா, வியாதி. மாத்திரை இருக்கு, பயிற்சியும் இருக்கு. மெதுவாத்தான் கேக்கும். நடுவுல விட்டுடக் கூடாது" என்றார்.

ஆறு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு காலை அம்மா தெருமுனைவரை போய், இரண்டே முறை திரும்பி வந்து, பஸ் ஏறிவிட்டாள். நான் கத்தரிக்கோலும் கையுமாக ஜன்னலருகே மூன்றாவது முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தெரு காலியாக இருந்தது. அந்த வாரம்தான் மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். எட்டு மாதம், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில், தங்குமிடம் அங்கேயே. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "கெடைக்கட்டும், பாக்கலாம்" என்றாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் நான் ரிஜிஸ்டரை முறையாக எழுதுவதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வரப்போகும் ஏழு நாளுக்கும் சேர்த்து எண்பத்து நான்கு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். அம்மா அன்றைய பக்கத்தைத் தவிர வேறு பக்கம் புரட்ட மாட்டாள். ஏமாற்ற வேண்டும் என்றில்லை. அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் அந்தக் கூட்டம் நடந்தது.

ஒரு வியாழக்கிழமை நான் கட்டுகளோடு போனபோது, எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். மனநலம் பற்றிப் பேச ஒரு மேடம் வந்திருந்தார். வாரத்துக்கொரு முறை மருத்துவ அறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லப் போகிறாராம். முப்பது வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மைக் கீச்சிட்டதும் அதை அணைத்துவிட்டு வெறும் குரலிலேயே பேசினார்.

மனுஷனுக்கு ஏன் பயம், சோகம், சந்தேகமெல்லாம் இருக்கிறது, இவ்வளவு தொல்லை தருகிறவை ஏன் அழிந்துபோகவில்லை என்று ஆரம்பித்தார். "வீடே இல்லாத காலத்தை நினைச்சுப் பாருங்க. இருபது பேர் ஒரு குகையில இருக்காங்க. வாசல்ல முள்ளை இழுத்து அடைச்சுட்டுப் படுத்துடறாங்க. ஒருத்திக்கு மட்டும் தூக்கம் வரல. 'அடைச்சோமா?' எழுந்து போய்ப் பாக்கறா. அடைச்சுத்தான் இருக்கு. மறுபடியும் பாக்கறா. எல்லாரும் அவளைத் திட்டறாங்க. நூறு நாள் அப்படியே போகுது. நூத்தியோராவது நாள் முள் விலகியிருக்கு. அதைப் பார்த்தது யாரு? அவதான். அவ பிழைச்சா, அவ பிள்ளைங்க பிழைச்சாங்க. நாமெல்லாம் அவ வம்சமா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க."

நான் தூணோரம் நின்றிருந்தேன். அம்மா முன்வரிசையில் இருந்தாள். அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

பஞ்ச காலத்தில் வீணாக ஓடித் திரிந்தவன் செத்தான், ஒன்றும் வேண்டாமென்று சுருண்டு படுத்தவன் பிழைத்தான், சோகத்தின் வேர் அங்கே இருக்கலாம் என்றார் மேடம். உடனே நான்காவது லைனில் தைக்கும் அக்கா, வாய் ஓயாததால் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறவள், கையைத் தூக்கினாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரர் பஞ்சம் இல்லாதப்பவும் சுருண்டு படுக்கறாரே, அது எந்தக் குகை?"

கூடம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "உன் வாய்க்குப் பயந்து படுத்திருப்பாரு. அதுவும் உயிர் பிழைக்கற வழிதானே!" என்றாள்.

"அப்போ நம்ம சூப்பர்வைசர்?"

"அவரு முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்னவரு."

சூப்பர்வைசரும் சிரித்து வைத்தார். பிறகு அம்மாவைக் காட்டி, "மேடம், நீங்க சொன்ன ஆள் இவங்கதான். எங்க ஊசியம்மா. இவங்க இல்லேன்னா இந்த ஃபேக்டரி என்னைக்கோ மூடியிருக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவுக்காக யாரும் கைதட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. மேடம் அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

அன்று மாலை அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "நமக்கு இது வம்சத்துலயே இருக்குடீ" என்றாள், ஏதோ நகை கிடைத்த மாதிரி.

பத்து நாள் கழித்து அலமாரியைத் துடைத்தபோது மாத்திரை அட்டையைப் பார்த்தேன். கூட்டத்துக்கு முந்தைய நாள், புதன்கிழமையோடு நின்றிருந்தது.

"ஏம்மா போடல?"

"எதுக்குப் போடணும்? நான் என்ன நோயாளியா?"

"டாக்டர் சொன்னாரே, நடுவுல விடக் கூடாதுன்னு."

"டாக்டருக்கு ஊசியைப் பத்தி என்ன தெரியும்?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. மாத்திரை போட்டா பயம் போகுது. பயம் போனா துண்டு எப்படித் தெரியும்? ஒரு துண்டு என் கையைத் தாண்டிப் போனா, யாரோ ஒரு பிள்ளைக்கு அந்தச் சட்டையை மாட்டுவாங்க. அப்போ நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். மறுநாள் காலை ஐந்து முறை திரும்பி வந்தாள். அந்த வாரக் கடைசியில் ஒன்பது. அதே வாரம் பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்குள் சேர வேண்டும், தவறினால் இடம் வேறொருவருக்கு. கடிதத்தை மடித்து நூல் பிசிறு டப்பாவின் அடியில் வைத்தேன். நான் போனால் இந்த வீட்டைப் பூட்டுகிற ஆள் அம்மா. பூட்ட முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் அம்மாவிடம் என்ன மிச்சமிருக்கும்? மூன்று வாரம் கடிதம் பிசிறுக்கடியிலேயே கிடந்தது.

அந்தத் திங்களுக்கு முந்தைய வியாழக்கிழமை மேடத்தைப் பார்க்கப் போனேன். மூன்று மணியிலிருந்துதான் பார்ப்பார் என்றார்கள். எனக்கு முன்னால் ஐந்து பேர். உள்ளே கூப்பிட்டபோது மணி நான்கு இருக்கும். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குச் சரியாகப் பேச வராது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"நீங்க பேசினதைக் கேட்டு எங்கம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு, ஊசியம்மாவா? நான் நிறுத்தச் சொல்லலையே."

"சொல்லல. ஆனா கைதட்டினாங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மீதியையும் சொன்னேன். யாருமே கேக்கல. இருமல் எதுக்கு வருது? நெஞ்சுக்குள்ள போனதை வெளிய தள்ள. நல்லதுக்குத்தான் வருது. அதுக்காக விடாம இருமிக்கிட்டே இருந்தா விலா எலும்பு விட்டுப்போகும். ஒண்ணு எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கறது வேற. இப்போ அது நம்மளை என்ன பண்ணுதுன்னு பாக்கறது வேற."

"அப்போ குகை, முள்ளு எல்லாம் பொய்யா?"

"பொய்னு சொல்ல முடியாது. ஊகம். கொஞ்சம் நல்ல ஊகம். யாரும் அங்க போய்ப் பாத்துட்டு வரல." அவர் என்னையே பார்த்தார். "பயம்கறது பொதுவா எல்லாருக்கும் ஏன் இருக்குன்னு அது சொல்லும். உங்கம்மாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவுன்னு அதால சொல்ல முடியாது."

"பயம் போனா துண்டு தெரியாதுங்கறாங்க."

"தேடறது பயமில்லம்மா, கண்ணு. மாத்திரை போட்ட மாசங்கள்ல எத்தனை துண்டு தவறவிட்டாங்க? அவங்க ரிஜிஸ்டர்லயே இருக்குமே. மத்தவங்க சொன்னா நம்ப மாட்டாங்க. அவங்களையே எண்ணச் சொல்லுங்க. ஆனா மாத்திரையை நீங்களா திரும்பக் கொடுத்துடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." கதவைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கேன்" என்றேன். சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது நடைபாதையில் அம்மா நின்றிருந்தாள். கையில் காந்தம். ஏதோ ஒரு லைனில் தேடிவிட்டு வருகிறாள். என்னைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது. தன் மேசைப் பக்கம் போய்விட்டாள்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்றைய பக்கத்தில் நான்கு மணிக் கையெழுத்து ஆறும் ஏற்கெனவே இருக்கிறது.

அதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழித்துவிடலாமா? வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்கு அம்மா வந்தாள். நேராக ரிஜிஸ்டரிடம் போனாள்.

"நாலு மணிக்கு நீ எங்க இருந்தே?"

"ஃபேக்டரில."

"வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல. பூட்டிட்டு வந்தேன்."

"எத்தனை தடவை இழுத்துப் பாத்தே?"

"ஒரு தடவை."

"அப்போ இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

அம்மா ரிஜிஸ்டரோடு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தைப் பின்னால் புரட்டினாள், இன்னும் பின்னால் புரட்டினாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"ஏழு நாளும் ஒரே மை. ஒரே சாய்வு. கடைசி நாள் வரும்போது கை ஓஞ்சு எழுத்து இழுக்குது பாரு." விரலால் காட்டினாள். "இதைக்கூடப் பாக்காம நான் என்ன செக்கர்? எத்தனை நாளா?"

"நாலு மாசத்துக்கு மேல."

"ஃபேக்டரில இப்படிப் பண்ணினா அன்னைக்கே வெளிய அனுப்புவாங்க."

"தெரியும்மா."

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"அலுத்துப் போச்சும்மா."

குழாய் சொட்டியது. அவள் எழுந்து போய் மூடுவாள் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை.

"ஒண்ணும் ஆகலையா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல."

"ஆகலைன்னா பாக்கவே வேண்டாம்னு அர்த்தமா?"

"இல்ல. ஆகலைன்னு மட்டும்தான் அர்த்தம்."

அம்மா இப்போது முன்பக்கமாகப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு கையெழுத்து. சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை. அடுத்த பக்கம் வெறும் கோடு.

"திங்கக்கிழமை ஏன் இல்ல?"

பிசிறு டப்பாவைக் கவிழ்த்துக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு கடிதத்தைத் திங்கட்கிழமைப் பக்கத்தில் வைத்து ரிஜிஸ்டரை மூடினாள்.

"அந்த மேடம் சொன்னாங்களே, முள் அடைச்சவ. அவ எப்போ தூங்குவா?"

"வேற யாராவது முழிச்சிருக்கும்போது."

"யாரு?"

"அவ பொண்ணா இருக்கும்."

அம்மா உள்ளங்கையிலிருந்த பிசிறை உருட்டி உருட்டிப் பந்தாக்கினாள்.

"அந்தப் பொண்ணைப் பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலையே."

"யாரும் கேக்கலைம்மா."

அம்மா எழுந்து சோறு வைத்தாள். கேஸை மூடிவிட்டு எத்தனை முறை பார்த்தாள் என்று நான் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை அம்மா கிளம்பும்போது, மாத்திரை போட்ட மாதங்களில் எத்தனை துண்டு தவறியது என்று, மேடம் எண்ணச் சொன்னதைச் சொன்னேன். மாலையில் வந்து, "எண்ணிப் பாத்தேன்" என்றாள். "மாத்திரை போட்ட நாள்லேருந்து விட்ட நாள்வரைக்கும் நூத்தி முப்பத்தேழு ஊசி உடைஞ்சிருக்கு. எல்லாம் முழுசா இருக்கு."

"அப்புறம் என்னம்மா?"

"அதுக்காக நம்பிட முடியுமா?" என்றாள். ஆனால் சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு மருத்துவமனைக்கு வந்தாள். டாக்டர் திட்டினார். பாதி மாத்திரையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். மறுபடியும் ஆறு வாரம் ஆகும். பூட்டை மூன்று முறைக்கு மேல் இழுக்கக் கூடாது, திரும்பிப் போகத் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று பழக வேண்டும் என்றார். "சொல்லிட்டாரு. அவரு வந்து நிப்பாரா?" என்று அம்மா வெளியே வந்து முணுமுணுத்தாள்.

அன்று சாப்பிட்ட பிறகு பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு, கிழிந்த ஈயத்தாளைத் தட்டையாக நீவி, ரிஜிஸ்டரில் சனிக்கிழமைப் பக்கத்தில் என் பொய்க் கையெழுத்துகளுக்கு மேலேயே டேப் போட்டு ஒட்டினாள். மீதிப் பாதியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, "நாளைக்கு இதோட சேர்த்தா ஒண்ணு முழுசாகும்" என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம். அப்பா லாரியோடு எங்கோ இருந்தார். ஆறு வருஷத்தில் அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த வீடு காலியானது அதுதான் முதல் முறை. அம்மா ஆறையும் பார்த்து அவளே கையெழுத்துப் போட்டாள். பூட்டினாள், மூன்று முறை இழுத்தாள். என் பை ஒன்றை வாங்கிக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் அவள் கால் நின்றது.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம்மா. இங்கேயே நில்லு."

நின்றாள். நெற்றியில் வியர்வை பொடித்தது. அந்த வெறும் தெருவில், பால் வண்டிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே போகும்படி, நான்கு நிமிடம் நின்றாள். பிறகு பையை என் காலடியில் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடி ஓடினாள். மூன்றாவது முறை ஓடிப் போய் அவள் பூட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது ஃபேக்டரி பஸ் என்னைக் கடந்து போனது. ஜன்னலிலிருந்து ரேடியோ அக்கா கையை ஆட்டி ஏதோ கத்தினாள்.

"லேட் மார்க்" என்றாள் அம்மா மூச்சிரைக்க. வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "வா, டவுன் பஸ்ல போகலாம்."

"பதினொரு தடவை திரும்பலையேம்மா. மூணுதான்."

"எண்ணாதே" என்றாள்.

டவுன் பஸ்ஸில் ஃபேக்டரி நிறுத்தம் வந்ததும் அம்மா இறங்கினாள். ஜன்னல் வழியாக, "தூங்கிடாதே. ஸ்டாப் தவறிப் போயிடும்" என்றாள். பஸ் நிலையத்தில் வெளியூர் பஸ் மாறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. பைகளைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுத் தலையைச் சாய்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

"ஏம்மா, எங்க இறங்கணும்?" கண்டக்டர் கம்பியைத் தட்டினார். ஊரின் பெயரைச் சொன்னேன். "அது போய் ரெண்டு ஸ்டாப் ஆச்சு. டிக்கெட் அது வரைக்கும், தூக்கம் இது வரைக்குமா?" பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கினேன். மணி பதினொன்று. வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன். கால் மரத்துப்போயிருந்தது. கன்னத்தில் ஜன்னல் ரப்பரின் கோடு பதிந்திருந்தது.

ஃபோன் அடித்தது. பின்னணியில் மெஷின்களின் இரைச்சல்.

"சேந்துட்டியா?"

"இன்னும் இல்லம்மா. தூங்கிட்டேன். ஸ்டாப்பை விட்டுட்டேன். நடந்துக்கிட்டிருக்கேன், பக்கம்தான்."

இப்போது ஆரம்பிப்பாள் என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். மெஷின்கள் மட்டும் ஓடின.

"நல்லாத் தூங்கினியா?" என்றாள்.

"ம்."

"சரி." ஏதோ ஒரு லைனில் யாரோ ஊசியம்மாவைக் கூப்பிட்டார்கள். "இதோ வரேன். ஏய், பை ரெண்டும் இருக்கா? பாத்தியா?"

"பாத்தேன்மா. ரெண்டும் இருக்கு."

பார்க்காமலேயேதான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகு குனிந்து பார்த்தேன். இருந்தன.